ஊதாத் துணிக்குக் கீழே

மாதாவின் தலையில் கிரீடம் இல்லை.

அதை முதலில் பார்த்தவள் லிதியா. பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருந்தால் அந்த ஞாயிறு ஐஸ்கிரீமோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் கூப்பிட்டாள். "யாராச்சும் வாங்களேன், மாதா தலை மொட்டையா இருக்கு" என்று கூப்பிட்டாள். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுக் கிழவிகளைப் பார்த்துக்கொள்பவள். ஒரு பொருளைக் காணோம் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் எடுத்ததே நீதான் என்று ஆகிவிடும் என்பது அவள் கற்ற பாடம். இந்த முறை உடனே சொன்னதாலேயே அப்படி ஆகிவிட்டது.

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாளுக்கு ஒரு வாரம் முந்தைய குருத்து ஞாயிறு, மாலை மூன்றரை மணி. மொந்தார்சோ என்னும் இத்தாலிய மலையூரின் நடுச் சதுக்கம். லிதியாவின் மகள் தொய்னா கிணற்றடியில் நின்று, பெருஜா நகரத்திலிருந்து தன்னோடு பஸ்ஸில் வந்த இருபது பெண்களுக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மால்டோவா, உக்ரைன், ஜார்ஜியா, பெரு என்று நாடு நாடாக வந்தவர்கள். எல்லோரும் முதியவர்களின் வீட்டோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். ஞாயிறு மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தம். தொய்னா பதின்மூன்று வயதில் அம்மாவின் பின்னால் இந்த நாட்டுக்கு வந்தவள். அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கலை வரலாறு படித்து, வழிகாட்டி உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது.

அம்மாவின் குரல் கேட்டதும் கதையைப் பாதியில் விட்டுக் கோவிலுக்குள் ஓடினாள்.

சின்னக் கோவில். இருட்டு. இடப்பக்கக் கல் திண்டின் மேல் மாதா சுரூபம். இயேசுவின் பாடுகளை நினைக்கும் காலம் என்பதால் தலை முதல் கால் வரை ஊதாத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். அந்தத் துணி இப்போது லிதியாவின் கையில் கொத்தாக இருந்தது. மரத்தால் செய்த மாதா, வெறும் தலையோடு, தூக்கத்தில் எழுப்பிவிட்டவளைப்போல் நின்றாள். கீழே தரையில் உடைந்த மெழுகுச் சில்லுகள்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நசரேனோ உள்ளறையிலிருந்து வந்து பார்த்தார். நேரே போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"அம்மா, என்ன பண்ணின?"

"முத்தம் குடுக்கலாம்னு துணியத் தூக்கினேன்டி. வேற ஒண்ணும் பண்ணல."

---

கால் மணி நேரத்தில் கோவிலுக்குள் இரண்டு பேர் கூடுதலாக இருந்தார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர் முர்ஜா. சார்தீனியாக்காரர், குள்ளம், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. இன்னொருவர் எத்தோரே ரனூச்சி. கோவிலை நடத்தும் சபையின் தலைவர். சதுக்கத்தில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். சாப்பாட்டு மேசையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். வாய் துடைக்கும் துணி இன்னும் சட்டைக் கழுத்தில் செருகியிருந்தது.

முர்ஜா லிதியாவிடம் கேட்டார்.

"துணியத் தூக்கினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"எங்க ஊர்ல மாதா பாதத்துல முத்தம் குடுத்துட்டுத்தான் வேண்டிக்குவோம். மூடி வைக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது."

"துணி எப்படி இருந்துச்சு?"

"கல்லு வரைக்கும் தொங்கிச்சு. ஓரம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் இழுத்தேன், படக்குன்னு விட்டுச்சு. அப்படியே மொத்தமா கையோட வந்துருச்சு. நிமிர்ந்து பாத்தா தலையில ஒண்ணுமில்ல."

ரனூச்சி சிரித்தார். "கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? இந்த ஊர்ல பொறந்த குழந்தைகூட அந்தத் துணியத் தொடாது. உயிர்ப்பு ராத்திரி நான் எடுக்கற வரைக்கும் ஒருத்தன் விரல் படாது. இவ வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகல, உருவிட்டா. ஏய், கிரீடத்த யார்கிட்ட குடுத்த நீ?"

"நீங்கன்னு பேசுங்க" என்றாள் தொய்னா.

"என்ன?"

"எங்கம்மாவுக்கு அம்பத்தாறு வயசு. நீங்கன்னு பேசுங்க. அப்புறம் கேள்வி கேளுங்க."

ரனூச்சி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கழுத்தில் தொங்கிய வழிகாட்டி அட்டையில் பார்வை நின்றது. "ஓ, மகளா. படிச்சிருக்கியோ? எங்க வரிப்பணத்துல படிச்சிட்டு எங்களுக்கே மரியாதை சொல்லித் தர்ற."

"உங்க வரிப்பணத்துல இல்ல சார். உங்கள மாதிரி ஆளுங்களோட அம்மாக்களுக்குப் பீத்துணி மாத்தி எங்கம்மா சம்பாதிச்சதுல படிச்சேன். உங்க ஊர்லயே கேட்டுப் பாருங்க, எத்தன வீட்ல அந்த வேலைய மகனுங்க செய்யறாங்கன்னு."

நசரேனோ இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் மாதிரித்தான் இருந்தது.

முர்ஜா கையை உயர்த்தினார். "போதும். தலைவரே, கிரீடத்தக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

ரனூச்சி நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது.

"போன வாரம் சனிக்கிழமை, சாயங்காலப் பூசை முடிஞ்சு. மாதாவுக்குத் துணி போடறது சபைத் தலைவரோட உரிமை. எங்க தாத்தா செஞ்சார், அப்பா செஞ்சார், இப்ப நான். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, தனியாத்தான் செய்யணும். என் கையால கிரீடத்தத் தொடச்சேன். ஒரு சாண் உயரம், வெள்ளி, மேல தங்க முலாம். தொடச்சு, அது மேல என் கையால துணியப் போட்டேன். காவல் மெழுகுவத்திய ஏத்தினேன். வெளிய வந்து பூட்டி, சாவியக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். விடிஞ்சதும் நானே வந்து திறந்தேன்."

"அதுக்கப்புறம்?"

"பகல்ல நசரேனோ இருப்பான். ராத்திரி பூட்டு. உள்ளூர்க்காரன் எவனும் தொட மாட்டான். இன்னிக்கி இந்த பஸ் வந்துச்சு. அவ்வளவுதான் கதை. வேற என்ன யோசிக்கறதுக்கு இருக்கு?"

வேறு யோசிக்க முர்ஜாவுக்கும் தோன்றவில்லை. கோவில் படிகளில் இருபது பெண்களின் பைகளும் கொட்டப்பட்டன. இரத்த அழுத்த மாத்திரை, மாற்றுக் காலுறை, போன் சார்ஜர், பேரனின் படம், சீப்பு. ஊர்க்காரர்கள் சதுக்கத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதிய உறக்கத்தை விட்டுவிட்டுச் சிலர் ஜன்னலில் தலையணையைப் போட்டு அதன்மேல் கை ஊன்றி நின்றார்கள்.

ஜார்ஜியாக்காரி நாத்தேலாவின் பையிலிருந்து அவரைப் பருப்பு வைத்த ரொட்டி விழுந்தது. "பிச்சுப் பாருங்க சார்" என்றாள் அவள். "உள்ள கிரீடம் இருந்தாலும் இருக்கும். பாத்துட்டு மிச்சத்தக் குடுத்துருங்க, பசிக்குது."

கிரீடம் கிடைக்கவில்லை.

"கை மாத்தியிருக்கலாம்" என்றார் ரனூச்சி. "கூட்டமா வர்றதே அதுக்குத்தான்."

முர்ஜா பெருமூச்சு விட்டார். "அம்மா, ஸ்டேஷனுக்கு வாங்க. உங்க மேல புகார் பதிவு பண்ணணும்."

லிதியா அழவில்லை. மகளின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அடுத்த மாசம் என் குடியுரிமை முடிவு வருது தொய்னா. திருட்டுப் புகார் ஒண்ணு விழுந்தா அப்படியே தூக்கிப் போட்டுருவாங்க. பன்னெண்டு வருஷம். வேலையும் போயிரும். அந்தக் கிழவியோட மகன் என்னை வாசல்ல ஏத்த மாட்டான்."

தான் கோபத்தில் கத்த வேண்டும் என்றே இந்த ஊர் காத்திருக்கிறது என்று தொய்னாவுக்குத் தெரியும். கத்தவில்லை. முர்ஜாவின் முன்னால் போய் வழியை மறித்து நின்றாள்.

"புகார் எழுதறதுக்கு முன்னாடி எனக்கு அரை மணி நேரம் வேணும்."

"எதுக்கு?"

"நீங்க செய்யாத வேலையச் செய்யறதுக்கு. பைகளையெல்லாம் பாத்தீங்க. அந்தத் துணிய யாராவது பாத்தீங்களா?"

முர்ஜாவின் முகம் சிவந்தது. ரனூச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முர்ஜா, "அரை மணி நேரம்" என்றார்.

---

தொய்னா துணியைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்தாள். கனமான பழைய துணி, இந்தச் சுரூபத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. முன்பக்கம் மேலே பொன்நூலில் ஒரு சிலுவை. கீழ் ஓரம் முழுக்க மெழுகு ஊறிக் கெட்டியாகியிருந்தது. அதை மடித்து உடைத்தாள். உடைந்த இடத்தை நெடுநேரம் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

பிறகு திண்டுக்குப் போனாள். மாதாவின் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் உயர மரக்கட்டை, அதில் செதுக்கிய மூன்று தேவதூதர் முகங்கள். கட்டைக்கு முன்னால் கல்லின்மேல் மெழுகு குட்டையாகத் தேங்கி இறுகியிருந்தது. அந்த மெழுகில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.

"நசரேனோ ஐயா, இங்க எந்த மெழுகுவத்தி எரியும்?"

"வெள்ளைதான். தினம் காலையில நான் ஏத்துவேன். ஏன், அதுவும் களவு போச்சா?"

"வெள்ளை மட்டுந்தானா?"

"துணி போடற ராத்திரிக்கு மட்டும் மஞ்ச மெழுகு. தேன்கூட்டு மெழுகு, வெளுக்காதது. காவல் மெழுகுவத்தின்னு சொல்லுவோம். விடியறதுக்குள்ள எரிஞ்சு தீர்ந்துரும். அதோட அடுத்த வருஷந்தான்."

"நன்றி" என்றாள் தொய்னா. வெளியே ஓடினாள். ஊர் வாசலில், மதில் கதவில், புனித வாரப் பவனிக்கான சுவரொட்டி ஒட்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதைக் காட்டித்தான், "மூடியிருந்தாலும் கீழ இருக்கற மூணு முகத்தப் பாருங்க, அதுதான் பழசு" என்று பெண்களுக்குச் சொல்லியிருந்தாள். அந்தச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு திரும்பினாள். ஓர் ஆள், "ஏய், அதைக் கிழிக்கக் கூடாது" என்றான். "போய்ப் புகார் குடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

---

கோவிலுக்குள் எல்லோரும் நின்றார்கள். பின்னால் பெண்கள். கதவுக்கு வெளியே ஊர்.

"இன்ஸ்பெக்டர், இந்தத் துணிய நான் மாதாவுக்குத் திரும்பப் போடப்போறேன்."

"அது தலைவர் மட்டும்தான்..." என்று நசரேனோ தொடங்கினார்.

"தெரியும்."

தொய்னா துணியை விரித்து மாதாவின் வெறுந்தலையில் போட்டாள். துணி சரிந்து இறங்கியது. தேவதூதர் முகங்கள் மறைந்தன. மெழுகு ஏறிய ஓரம் கல் திண்டில் போய் உட்கார்ந்தது, தேங்கிய மெழுகில் இருந்த பதிவின்மேல் மடிப்புக்கு மடிப்பு பொருந்தியது. பொன்நூல் சிலுவை மாதாவின் தொண்டைக்கு நேராக நின்றது.

"இது இன்னிக்கி எங்கம்மா பாத்த நிலைமை. இப்ப இதப் பாருங்க." சுவரொட்டியைப் பிரித்துக் காட்டினாள். படத்திலும் அதே மாதா, அதே துணி. சிலுவை நெற்றிக்கு நேராக இருந்தது. கீழே மூன்று தேவதூதர் முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. "இது கிரீடத்தோட துணி போட்ட படம். போன வருஷத்துது. இன்ஸ்பெக்டர், உங்க தொப்பியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சார், திருட மாட்டேன்."

பெண்களில் யாரோ சிரித்தார்கள். முர்ஜா தயங்கித் தொப்பியைக் கழற்றினார். தொய்னா துணிக்குள் கையை விட்டு அதை மாதாவின் தலையில் வைத்தாள். துணி மேலே எழும்பியது. ஓரம் கல்லை விட்டுக் கிளம்பியது. தேவதூதர் முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலுவை நெற்றிக்கு ஏறியது.

"கிரீடம் இருந்தா ஓரம் கல்லத் தொடாது. தொடாதுன்னா மெழுகு ஊறாது. ஆனா ஊறியிருக்கு. இத்தன மெழுகு ஒரு மத்தியானத்துல ஊறுமா? எங்கம்மா உள்ள வந்து பத்து நிமிஷத்துல கூப்பிட்டாங்க."

முர்ஜா குனிந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அதனால என்ன?" என்றார் ரனூச்சி. குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. "வாரத்துல ஏதோ ஒரு நாள் எவனோ வந்து எடுத்திருப்பான். நசரேனோ தூங்கியிருப்பான்."

"நானா தூங்கினேன்?" என்றார் நசரேனோ.

"அவர் தூங்கினாலும் தூங்காட்டியும் ஒண்ணுதான்" என்றாள் தொய்னா. உடைத்த மெழுகுத் துண்டை முர்ஜாவின் உள்ளங்கையில் வைத்தாள். "மேல வெள்ளை. அடியில, துணி நூலோட ஒட்டியிருக்கற முதல் அடுக்கு என்ன நிறம்?"

முர்ஜா வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். "மஞ்சள்."

"முகர்ந்து பாருங்க. தேன் வாசனை. மஞ்ச மெழுகு எரியறது ஒரே ஒரு ராத்திரி. துணி போட்ட ராத்திரி. அந்த மெழுகு உருகும்போதே ஓரம் கல்லுல கிடந்திருக்கு. அன்னிக்கி ராத்திரி கோவில் பூட்டியிருந்துச்சு. சாவி ஒருத்தர் கழுத்துல இருந்துச்சு. தனியா நின்னு துணி போட்டதும் அதே ஆளுதான். கிரீடத்தத் தொடச்சு அது மேல துணி போட்டேன்னு நம்ம எல்லார் முன்னாடியும் சொன்னதும் அவருதான். இல்லாத கிரீடத்த எப்படித் தொடச்சீங்க, தலைவர் ரனூச்சி?"

ரனூச்சியின் கை தானாகக் கழுத்துச் சாவிக்குப் போனது.

"உயிர்ப்பு ராத்திரி வரைக்கும் உள்ளூர்ல ஒருத்தன் விரல் படாதுன்னு சொன்னீங்க. அதுதான் உங்க கணக்கு. ரெண்டு வாரம் கிரீடம் எங்கன்னு கேக்க ஆளில்ல. உயிர்ப்பு ராத்திரி கோவில் நிறைய வெளியூர்க் கூட்டம். நீங்களே துணிய எடுப்பீங்க, நீங்களே நெஞ்சுல அடிச்சுக்குவீங்க, ஏதாவது ஒரு பஸ் மாட்டும். துணியத் தூக்கி முத்தம் குடுக்கற ஒரு பொம்பள ஒரு வாரம் முன்னாடியே வருவான்னு நீங்க நெனைக்கல. வந்ததும், சரி, இவளே போதும்னு முடிவு பண்ணிட்டீங்க."

"இது அநியாயம். ஒரு வாரமா ஊரே வந்து போச்சு. அப்படி இருந்திருந்தா ஒருத்தராவது பாத்திருக்க மாட்டாங்களா?"

பதில் சொன்னது நசரேனோ. "மூடி வெச்ச சுரூபத்த யாரு எத்தோரே உத்துப் பாக்கறாங்க? தலையக் குனிஞ்சுக்கிட்டு வர்றோம், குனிஞ்சுக்கிட்டுப் போறோம். மெழுகு ஏத்தறப்ப ஓரம் தாழ்ந்திருக்கேன்னு நான் நெனைச்சேன். நீ போட்ட துணி, நான் எப்படிக் கைய வைக்கறது?"

"ஒரு பழைய தொப்பியையாவது உள்ள வெச்சு மூடியிருந்தீங்கன்னா தப்பிச்சிருப்பீங்க" என்றாள் தொய்னா. "எவன் கவனிக்கப் போறான்னு அதுக்குக்கூட மெனக்கெடல."

முர்ஜா மாதாவின் தலையிலிருந்து தன் தொப்பியை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை, கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தலைவரே, உங்க கடைச் சாவியையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

---

கடையின் பின்னறையில், மிலானுக்கு அனுப்பத் தயாராக வைக்கோல் பொதிந்து ஆணி அடித்த ஒரு மரப்பெட்டி. உள்ளே கிரீடம். ரனூச்சியை ஜீப்பின் பின் இருக்கையில் ஏற்றினார்கள். வாய் துடைக்கும் துணி இன்னும் சட்டைக் கழுத்திலேயே இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சதுக்கத்தில் கூட்டம் கலையவில்லை. ஆனால் முகங்கள் மாறிவிட்டன. எல்லோரும் தரையையோ வானத்தையோ பார்த்தார்கள். காபி பார் வைத்திருப்பவர் வெளியே வந்து, "எல்லாருக்கும் காபி, நம்ம கணக்குல" என்றார்.

"எங்களுக்கு வேணாம்" என்றாள் நாத்தேலா. "எங்க காபிக்கு நாங்க காசு குடுப்போம்."

முர்ஜா தொய்னாவிடம் வந்தார். "புகார் எதுவும் பதிவாகல. உங்கம்மா பேர் எங்கயும் இல்ல. நீங்க கிளம்பலாம்."

தொய்னா படிகளைக் காட்டினாள். மாத்திரைகளும் காலுறைகளும் பேரனின் படமும் கொட்டிய இடத்திலேயே கிடந்தன. "இதையெல்லாம் யார் எடுத்து வைக்கறது?"

"அவங்கவங்க பைய அவங்கவங்க..."

"அவங்க கொட்டல."

ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாரும் முர்ஜாவையே பார்த்தார்கள். பிறகு அவர் முழங்கால் போட்டார். எது யாருடையது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எடுத்து வைத்தார். நேரம் பிடித்தது. பெண்கள் அவசரப்படுத்தவில்லை. "அந்தச் சீப்பு என்னோடது. இல்ல, பல்லு உடையாதது" என்றாள் பெரு நாட்டுக்காரி ஒருத்தி. லிதியாவின் பையை, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து நீட்டினார். "மன்னிச்சிருங்கம்மா."

லிதியா பையை வாங்கித் திறந்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"ஒரு யோசனை" என்றார் முர்ஜா எழுந்து. "கீழ் மதிலோரமா ஒரு பாதை இருக்கு. அந்த வழியா பஸ்ஸுக்குப் போயிருங்க. ஊர்க்காரங்களுக்குச் சங்கடம். உங்களுக்கும்தான்."

"எங்களுக்கு என்ன சங்கடம்?" என்றாள் தொய்னா. "வந்த வழியாவே போறோம்."

பெரிய தெரு வழியாகத்தான் இறங்கினார்கள். தெருவின் நடுவில், நாலு நாலு பேராக. கடைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். சிலர் உள்ளே போய்விட்டார்கள். தொய்னா முன்னால் நடந்து, விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதையைத் தொடர்ந்தாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. இந்த மதிலை யார் கட்டினார்கள், கல்லை யார் சுமந்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையெல்லாம் சொன்னாள்.

பாதித் தெருவில் திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணோம். லிதியா ஒரு செருப்புக் கடையின் கண்ணாடிமுன் நின்று, உள்ளே இருந்த நீல நிறக் காலணியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மதில் வாசலுக்கு வெளியிலிருந்து பஸ் ஹாரன் கேட்டது. நீளமாக, இரண்டு தடவை.

"அம்மா, வா. டிரைவர் கூப்பிடறார்."

லிதியா திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

"பன்னெண்டு வருஷமா நான்தான் எல்லாருக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "பஸ் காத்திருக்கட்டும்."

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.